பிள்ளைகளுக்கு இயற்கையைப் பழக்க எங்கே கூட்டிப் போகலாம்? முதலில் கறிவேப்பிலைச் செடிக்கு

கேட்டவர் வில்லாபுரத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிற ஒரு அம்மா. பையன் நான்காம் வகுப்பு, பெண் யூகேஜி. பள்ளி விட்டு வந்தால் இரண்டு பேருக்கும் போன்தான். லீவில் கொடைக்கானல் கூட்டிப் போயும் வழியெல்லாம் கார்ட்டூன் பார்த்துக்கொண்டே வந்தார்களாம். "மதுரையைச் சுற்றி இவர்களை எங்கே கூட்டிப் போகலாம்? கையால் செய்து பார்க்கிற மாதிரி என்ன கொடுக்கலாம்? எனக்கே செடி கொடி பேர் தெரியாது. பாம்பு பயம் வேறு. சின்னவள் புழுவைக் கண்டாலே அலறுவாள்" என்று கேட்டிருந்தார்.

எங்கே என்பதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். பள்ளிப் பிள்ளைகளைக் கண்மாய், பாறை, தோப்பு என்று பல வருஷமாகக் கூட்டிக்கொண்டு அலைகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு இடத்தில் தனக்கென்று ஒரு வேலை இருந்தால்தான் பிள்ளைக்கு அந்த இடம் பிடிக்கும். கொடைக்கானலில் உங்கள் பையனுக்கு என்ன வேலை இருந்தது? போட்டோவுக்குச் சிரித்தது ஒன்றுதான். அதே பையனிடம் ஒரு புழுவை ஒப்படைத்து, "இதுக்கு நீதான் சாப்பாடு போடணும், மறந்தா செத்துப்போகும்" என்று சொல்லிப் பாருங்கள். காலையில் உங்களுக்கு முன்னால் எழுந்திருப்பான்.

அதனால் முதலில் ஒரு கறிவேப்பிலைச் செடி. பால்கனித் தொட்டியில் இருந்தால் போதும். இல்லையென்றால் பக்கத்து வீட்டிலோ அம்மாச்சி வீட்டிலோ கட்டாயம் இருக்கும். கொழுந்து இலைகளைப் பையனோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில், வெளிர்மஞ்சளாக, உருண்டையாக ஒரு முட்டை ஒட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது பறவை எச்சம் விழுந்த மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று இலைமேல் கிடக்கலாம். அது எச்சம் இல்லை, புழு. குருவி கண்ணில் படாமல் தப்பிப்பதற்கு அந்த வேஷம். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற இரண்டு பட்டாம்பூச்சிகள் எலுமிச்சை, கறிவேப்பிலை வகைச் செடிகளில்தான் முட்டை வைக்கும். மழைக்குப் பிந்தைய மாதங்களில் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

ஒரு அகலவாய் பிளாஸ்டிக் ஜாடி, அடியில் செய்தித்தாள், வாயில் பழைய வேட்டித் துணி, ரப்பர் பேண்ட். கறிவேப்பிலைக் கொத்தின் காம்பைச் சின்ன மருந்துக் குப்பியில் தண்ணீர் ஊற்றிச் செருகி, குப்பியின் வாயைப் பஞ்சு வைத்து அடைத்துவிடுங்கள். அடைக்காவிட்டால் புழு காம்பு வழியாக இறங்கித் தண்ணீரில் விழுந்து செத்துவிடும். தினமும் புது இலை, தினமும் செய்தித்தாள் மாற்றுவது, இரண்டும் பையன் பொறுப்பு. ஒன்று முக்கியம்: கடையில் வாங்கிய கறிவேப்பிலையைப் போடாதீர்கள். மருந்து அடித்த இலையாக இருந்தால் மறுநாள் புழு சுருண்டு கிடக்கும், பிள்ளை அழும். (நாம் தாளித்துச் சாப்பிடுகிறோம் என்பது வேறு விஷயம்.)

நாளுக்கு நாள் புழு பெரிதாகும். தோலை உரித்துக்கொண்டே வரும், கடைசித் தோலில் பச்சையாக மாறிவிடும். அப்போது அதன் தலைக்குப் பின்னால் ஒரு ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டால், சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இரண்டாகப் பிரிந்த கொம்பு ஒன்று வெளியே நீளும், கூடவே ஒரு கெட்ட வாசனை. "ஐயே!" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, அடுத்த நிமிஷமே இன்னொரு தரம் தொட்டுப் பார்ப்பார்கள். ஆபத்து ஒன்றும் இல்லை, இது எறும்பையும் சிலந்தியையும் விரட்டுகிற வித்தை. ஆனால் ரோமம் உள்ள புழுவை மட்டும் தொடக்கூடாது என்று அப்போதே சொல்லிவிடுங்கள். மழைக்காலத்தில் முருங்கை மரத்தில் அப்பியிருக்கிற கம்பளிப்பூச்சி பட்டால் உடம்பெல்லாம் தடித்துப்போகும்.

பிறகு ஒருநாள் புழு சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ஜாடிக்குள் இங்கும் அங்கும் நடக்கும். நோய் வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், அது கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது. ஜாடிக்குள் ஒரு பச்சைக் குச்சியும் ஒரு காய்ந்த குச்சியும் சாய்த்து வையுங்கள். குச்சியில் ஏறி, இடுப்பைச் சுற்றி ஒரு நூலைப் போட்டுத் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும். பச்சைக் குச்சியில் கட்டினால் பெரும்பாலும் பச்சைக் கூடு, காய்ந்ததில் கட்டினால் பழுப்புக் கூடு. எதில் கட்டப் போகிறது என்று வீட்டில் பந்தயம் கட்டலாம். பட்டாம்பூச்சி வருவது அநேகமாகக் காலை நேரத்தில். வந்ததும் இறக்கை கசங்கிய துணியாக இருக்கும். தொங்குவதற்கு இடம் விட்டு, ஒரு மணி நேரம் யாரும் தொடாமல் இருக்க வேண்டும். கீழே செந்நிறமாக இரண்டு சொட்டு விழுந்திருக்கும். ரத்தம் என்று பதறுவார்கள், கூட்டுக்குள் சேர்ந்திருந்த கழிவுதான் அது. முட்டையிலிருந்து இதுவரை ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.

சில கூடுகளிலிருந்து பட்டாம்பூச்சி வராது. கூட்டில் சின்ன ஓட்டை போட்டுக்கொண்டு குட்டிக் குளவிகள் வரும். புழுவாக இருந்தபோதோ, கூடு கட்டிய புதிதிலோ அதற்குள் குளவி முட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. பிள்ளைகள் மனம் ஒடிந்துபோவார்களே என்று இதை மறைக்க வேண்டியதில்லை. என் அனுபவத்தில், அழகான பட்டாம்பூச்சி வந்த வீட்டைவிடக் குளவி வந்த வீட்டில்தான் கேள்விகள் அதிகம் கிளம்பும்.

ஒரு நோட்டு கொடுங்கள். தேதி, ஒரு படம், புழுவின் நீளம், அவ்வளவு போதும். கட்டுரை எழுதச் சொன்னீர்களோ, அன்றோடு அது வீட்டுப்பாடம் ஆகிவிடும்.

யூகேஜி பெண்ணுக்குப் புழு வேண்டாம், மல்லிகை போதும். காலையில் பறித்து வருகிற மொட்டை மதியம் பூக்காரம்மாவிடம் உதிரியாக வாங்கி, ஒரு தட்டில் ஈரத்துணி விரித்து அதன்மேல் பத்து மொட்டை வரிசையாக வையுங்கள். நாலு மணியிலிருந்து அரைமணிக்கு ஒருதரம் எத்தனை திறந்திருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். மூடிய மொட்டையும் விரிந்த பூவையும் மாற்றி மாற்றி முகர்ந்து பார்க்கட்டும். இரவில் பறக்கிற அந்துப்பூச்சிக்காகச் செடி ஏற்படுத்திக்கொண்ட நேரம் அது என்பதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெருமையைப் பேசுகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த மொட்டு விரிவதை உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்?

முளைப்பாரியையும் விடாதீர்கள். அம்மன் கோயில் திருவிழாவுக்கு உங்கள் மாமியாரோ அம்மாவோ போட்டிருப்பார்கள். அதே நவதானியத்தை இரண்டு சட்டியில் தூவி, ஒன்றை வழக்கம்போல் இருட்டு அறையிலும் ஒன்றை ஜன்னலோரத்திலும் வைக்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் இருட்டில் இருந்தது உயரமாக, வெளிறிய மஞ்சளாக நிற்கும், வெளிச்சத்தில் இருந்தது குட்டையாகப் பச்சையாக இருக்கும். வெளிச்சம் கிடைக்காத செடி, விதைக்குள் இருக்கிற சேமிப்பைச் செலவழித்து வெளிச்சத்தைத் தேடி நீள்கிறது, பச்சையம் உண்டாகாததால் மஞ்சளாக நிற்கிறது. இதற்குப் பாட்டிதான் டீச்சர். நீங்கள் ஒதுங்கிக்கொள்ளலாம்.

இனி வெளியே. உங்களுக்கு என் யோசனை ஒரே ஒரு கண்மாய். வண்டியூரோ, திருப்பரங்குன்றம் தென்கால் கண்மாயோ, சாமநத்தமோ, எது பக்கமோ அது. மாதம் இரண்டு தரம் அதே கரைக்குப் போங்கள். பத்து இடத்துக்கு ஒவ்வொரு தரம் போவதைவிட இது பலன் தரும், ஏனென்றால் போன தடவை பார்த்ததுக்கும் இந்தத் தடவை பார்ப்பதுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிள்ளையை யோசிக்க வைக்கிறது. நமக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அதில் நிரம்புகிற கண்மாய் தை, மாசியில் மெல்ல வடியும். தண்ணீர் பின்வாங்க வாங்க, சேற்றில் காலடித் தடங்களாகக் கிடக்கும். நாய், கொக்கு, நண்டு, ஆடு. யார் எங்கிருந்து வந்து எங்கே போனார்கள் என்று பிள்ளைகள் துப்பறிவாளர்களாகிவிடுவார்கள்.

கையோடு ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு டீ வடிகட்டி, ஒரு லென்ஸ் கொண்டுபோங்கள். கரையோரம், புல் தண்ணீரில் சாய்ந்திருக்கிற இடத்தில் வடிகட்டியை விட்டு இரண்டு அலசு அலசி, கொஞ்சம் தண்ணீரோடு தட்டில் கொட்டுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது, வெறும் குப்பை. இரண்டு நிமிஷம் ஆடாமல் வைத்திருந்தால் குப்பை நகர ஆரம்பிக்கும். மல்லாக்க நீந்துகிற பூச்சி, தலைப்பிரட்டை, நெளிகிற கொசுப்புழு, நத்தைக் குஞ்சு. அப்புறம் ஆறு காலோடு மண் நிறத்தில் முரட்டுத்தனமாக ஒன்று. அது தட்டானின் குழந்தைப் பருவம். அதன் கீழ்த்தாடை மடங்கிக் கிடக்கும், இரை கிட்ட வந்தால் கைபோல் நீண்டு கவ்வும். கொசுப்புழுவும் அதுவும் ஒரே தட்டில் இருந்தால் கொஞ்ச நேரம் பொறுத்திருந்து பாருங்கள், டிவி தேவைப்படாது. பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே ஊற்றிவிட வேண்டும். நாம் சின்ன வயதில் தட்டான் வாலில் நூல் கட்டிப் பறக்க விட்டோம், பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைத்தோம். அதெல்லாம் அனுபவம்தான் என்று சிலர் வாதாடுவார்கள், எனக்கு உடன்பாடில்லை. குழந்தைப் பருவத்தைத் தட்டில் பார்த்த பிள்ளைக்கு நூல் கட்டத் தோன்றாது.

கரையில் காலி நத்தை ஓடுகள் நிறையக் கிடக்கும். ஒரு தரம் ஒரு பையன், "சார், யாரு இதைத் தின்னது? ஓடு உடையவே இல்லையே" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. "அங்க நிக்கிறாரே ஒருத்தர், அவர் மூக்கைப் பாரு" என்று மட்டும் சொன்னேன். நத்தைகுத்தி நாரை. மேலலகும் கீழலகும் நடுவில் சேராமல் பாக்குவெட்டி மாதிரி இடைவெளி விட்டிருக்கும். ஓட்டை நொறுக்காமல் உள்ளே இருப்பதை உருவி எடுக்க வாகான அலகு. அது தலையைத் தண்ணீரில் விட்டு ஒரு நத்தையோடு நிமிர்கிறவரை அவன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நான் முதலிலேயே பெயரையும் விளக்கத்தையும் சொல்லியிருந்தால், "ஓஹோ" என்றுவிட்டுப் போயிருப்பான்.

ஆகவே, செடி கொடி பேர் தெரியாது என்று நீங்கள் வருத்தப்பட வேண்டாம். தெரிந்த பெரியவர்கள்தான் பதிலைச் சீக்கிரம் சொல்லிக் காரியத்தைக் கெடுக்கிறார்கள். "எனக்கும் தெரியலடா, பார்ப்போமா?" என்று நீங்கள் மனசாரச் சொல்லலாம். பேரை அவனே வைக்கட்டும். கொம்புப்புழு, மூக்கு நாரை, எதுவானாலும் சரி. உண்மைப் பேர் தேவைப்படுகிற நாள் தானாக வரும், அப்போது கரையில் ஆடு மேய்க்கிறவரிடம் கேட்கச் சொல்லுங்கள். பல பறவைகளுக்கு அவரிடம் இருக்கிற பேர் நம்மிடம் இல்லை.

வெயில் காலத்தில் கண்மாய் வறண்டுவிடுமே என்றால், அப்போது மண். திருமங்கலம் பக்கம் கரிசல், மேலூர்ப் பக்கம் செம்மண், கண்மாய்க்குள் வண்டல். உறவினர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்து வந்து, தனித்தனிக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஜன்னலில் வையுங்கள். மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் உட்கார்ந்துவிடும், வண்டல் அடங்கச் சில மணி நேரம் ஆகும், களிமண் நாள் கணக்கில் கலங்கலாகவே நிற்கும். கரிசல் காடு கோடையில் ஏன் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கிறது என்ற கேள்விக்கு அந்தக் கலங்கலில்தான் பதில். களிமண் தண்ணீரில் உப்பும், காய்ந்தால் சுருங்கும்.

கோயில் சுவரோரம், மழை படாத புழுதியில் புனல் மாதிரிச் சின்னக் குழிகள் இருக்கும். குழியானை. ஒரு புல் நுனியால் குழியின் விளிம்பைக் கிளறினால் அடியிலிருந்து மண்ணை வாரி இறைக்கும். காகிதத்தால் அள்ளி, காய்ந்த மணல் உள்ள டம்ளரில் விட்டால் பின்பக்கமாகவே நடந்து புதைந்து, அநேகமாக மறுநாளைக்குள் புதுக்குழி தோண்டியிருக்கும். தட்டான் மாதிரி இறக்கையோடு பறக்கப் போகிற பூச்சியின் குழந்தைப் பருவம் இது. இந்தப் பருவம் முடிகிற வரைக்கும் அது கழிவே வெளியேற்றாது என்று சொல்லுங்கள், பையன் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிடுவான்.

பொங்கல் விடுமுறையில் ஒரு வேலை இருக்கிறது. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிஷம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி ஈபேர்ட் என்கிற இலவசச் செயலியில் ஏற்ற வேண்டும். மொட்டை மாடியிலிருந்துகூடச் செய்யலாம். காக்கை, மைனா, புறா, கிளி மட்டும் தெரிந்தாலும் சரி. தான் எண்ணிய காக்கை ஒரு கணக்கில் சேர்கிறது என்றால் பிள்ளைக்கு வருகிற மிதப்பே தனி.

இதெல்லாம் கொஞ்சம் பழகின பிறகு அரிட்டாபட்டிக்குக் கூட்டிப் போங்கள். மேலூர்ப் பக்கம், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். சுமார் 193 ஹெக்டேர். வல்லூறு, தேவாங்கு, எறும்புத்தின்னி எல்லாம் பதிவாகியிருக்கிற குன்றுகள், கூடவே சமணத் துறவிகளின் கல் படுக்கையும், தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்துக் கல்வெட்டும். தேவாங்கைப் பார்த்துவிடலாம் என்று போனால் ஏமாற்றம்தான், அது இரவு விலங்கு. பாறைச் சுனையையும் வானத்தில் வட்டமிடுகிற பருந்தையும் நம்பிப் போங்கள். கீழக்குயில்குடி சமணர் மலை இன்னும் பக்கம், தாமரைக் குளமும் ஆலமரமும் உண்டு. பாறையில் பேர் கிறுக்கக் கூடாது என்பதை ஏறுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மேலே போனால் கிறுக்கல்தான் முதலில் கண்ணில் படும். அழகர்மலையில் கோயிலுக்கும் நூபுர கங்கைக்கும் போகிற பாதை தாராளமாகப் போதும். பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். குரங்குகள் இருப்பதால் கையில் தின்பண்டப் பை கூடாது.

பாம்பு பயம் நியாயமான பயம். ஆனால் கண்மாயில் நான் அதைவிடப் பயப்படுவது தண்ணீருக்குள் மறைந்திருக்கிற, மண் அள்ளிய குழிகளுக்கு. கரையிலிருந்து பார்த்தால் முழங்கால் ஆழம் போலிருக்கும், அடுத்த அடியில் ஆள் மூழ்கும். வடிகட்டி வேலை எல்லாம் கரையில் உட்கார்ந்தபடி, பெரியவர் பக்கத்தில் இருக்கும்போதுதான். பாம்புக்கு மூடிய செருப்பு அல்லது ஷூ, கையில் ஒரு கம்பு, பொந்துக்குள் கை விடாமை. கல்லைப் பெரியவர்கள்தான் புரட்ட வேண்டும். அதுவும் எதிர்ப்பக்க விளிம்பைக் கம்பால் நெம்பித் தன் பக்கமாகச் சாய்க்க வேண்டும். உள்ளே தேளோ பாம்போ இருந்தால் கல் நமக்கு மறைப்பாக நிற்கும், அது அந்தப் பக்கமாக ஓடிவிடும். பார்த்ததும் கல்லைப் பழையபடி வைத்துவிடுங்கள், அது யாரோ ஒருவர் வீட்டுக் கூரை. எப்போதாவது கடி பட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். ஆட்டாமல் அசைக்காமல், 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு. எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது, அரளியும் ஊமத்தையும் வாயில் போகக்கூடாது. வெயில் காலத்தில் காலை ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும்.

கிளி, சில்லை, குருவிக் குஞ்சு எதையும் பிடித்து வளர்க்க ஆசைப்பட்டால் அது 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று நேராகவே சொல்லலாம். முட்டையும் கூடும் அப்படித்தான். பிள்ளைகளுக்குச் சட்டம் என்றால் ஒரு மரியாதை உண்டு.

போன் விஷயம். பிடுங்கி வைத்துவிட்டு "போய் மரத்தைப் பார்" என்றால் மரம் தண்டனையாகிவிடும். போனை நீங்கள் வைத்துக்கொண்டு, புழு தோல் உரிக்கும்போது மட்டும் வீடியோ எடுக்கக் கொடுங்கள். ஈபேர்டில் ஏற்றுகிற ஐந்து நிமிஷம் அவன் கையில் இருக்கட்டும். கரையில் இருக்கும்போது நீங்களும் ரீல்ஸ் பார்க்கக் கூடாது. கஷ்டம்தான், என்ன செய்வது.

கடைசியாக, அலறுகிற சின்னவள். அவளை ஜாடிக்குள் கை விடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். தட்டில் மல்லிகையை எண்ணட்டும், நோட்டில் படத்துக்கு வண்ணம் அடிக்கட்டும், அண்ணன் புழுவுக்கு இலை போடுவதை இரண்டடி தள்ளி நின்று பார்க்கட்டும். பெரும்பாலான பிள்ளைகள் யாரும் சொல்லாமலே ஒருநாள் பக்கத்தில் வந்து நிற்பார்கள். அதற்கு ஒரே நிபந்தனை, அதுவரை நீங்கள் அலறக் கூடாது. பிள்ளைகள் அந்தப் பயத்தை நம் முகத்தைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். உங்களால் முடியாது என்றால் ஜாடி இருக்கிற நேரத்தில் பொறுப்பை அவர்கள் அப்பாவிடம் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள். அவரும் அலறுகிற ஆள் என்றால், பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பிடியுங்கள்.